மேல்போக்கியின் தோற்றமும் மறைவும்

என் கணவருக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கச் சொன்னவள் நான்தான். அவர் நன்றாக இருக்கிறார். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் வேர்க்கடலை தின்றபடி கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிரஷர், சர்க்கரை எதுவும் கிடையாது. முன்பக்கம் முடி மட்டும் கொஞ்சம் கொட்டியிருக்கிறது. அதற்கும் என்னைத்தான் காரணம் சொல்கிறார்.

எதையும் ஒன்றுக்கு மூன்று தடவை சரிபார்க்கிறவள் நான். வீட்டைப் பூட்டிக்கொண்டு கோட்டூர்புரம் பாலம் வரை போனபிறகு, கேஸை மூடினேனா என்று பார்க்கத் திரும்பி வந்திருக்கிறேன். (மூடித்தான் இருந்தேன். ஆனால் பார்த்துவிட்டுக் கிளம்பிய அவசரத்தில் கதவைப் பூட்டாமல் போய்விட்டேன்.) குழந்தைக்கு உடம்பு சுட்டால் இரண்டு தெர்மாமீட்டர் வைப்பேன். இரண்டும் வேறு வேறாகக் காட்டினால் மூன்றாவது வாங்குவேன். இப்படிப்பட்டவளா புருஷனுக்கு அஞ்சலி பேனர் அடித்தாள் என்று கேட்கலாம். இப்படிப்பட்டவளால்தான் முடியும். நாங்கள் எல்லாக் கேள்வியையும் கேட்டுவிட்டு, கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிடுவோம்.

விஷயம் என் மகன் நிலவனிடமிருந்து தொடங்குகிறது. அப்போது அவனுக்கு ஐந்து வயது முடியப்போகிற சமயம். மற்றப் பிள்ளைகள் பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருந்தபோது இவன் ஒரு மீட்புப் படையே வைத்திருந்தான். எந்தக் கார்ட்டூனிலும் வராத படை, முழுக்க அவன் மண்டைக்குள் தயாரானது. அதில் மூன்று வண்டிகள். முதலாவது 'கீழ்போக்கி'. ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறங்கும். எடை மூன்று யானை. (எவ்வளவு பெரிய யானை என்று விசாரித்தேன். "ஒண்ணு குட்டி" என்றான்.) எரிபொருள் ரசம். இரண்டாவது 'பக்கப்போக்கி'. மழைவெள்ளம் வந்தால் தெருவில் நீந்தி ஆட்களை ஏற்றிக்கொள்ளும். அதற்குக் குதிரைத்திறன் எழுபது என்று நான் பெருமையாகச் சொல்லிக் கொடுத்ததில் ஒரு சிக்கல் வந்தது. அந்த எழுபது குதிரைகளுக்கும் நீச்சல் தெரியுமா என்று கேட்டான். நான் இயற்பியலில் எம்.எஸ்ஸி. படித்தவள். பதில் தெரியவில்லை.

மூன்றாவதுதான் 'மேல்போக்கி'. மேலே போய் மாட்டிக்கொண்டவர்களை மீட்டுக்கொண்டு வரும் விண்கலம். ஆதம்பாக்கத்தில் இருக்கும் என் மாமியார் போனில் இந்தப் பெயரை முதல் தடவை கேட்டபோது, "எத்தனை தடவ போச்சு, உப்பு சர்க்கரைத் தண்ணி குடுத்தியா?" என்று பதறினார்.

இந்த மேல்போக்கி எங்களுக்கு உயிர்நாடியானதற்குக் காரணம் திங்கட்கிழமை. என் கணவர் பிரபு அலுவலக வேலையாகத் திங்கள் காலை பெங்களூருக்கு விமானம் ஏறுவார். வார முடிவில் திரும்புவார். நன்றாகத்தான் டாட்டா காட்டிக்கொண்டிருந்தான் நிலவன். அந்தக் கோடைக்குப் பிறகு திடீரென்று மாறினான். திங்கள் காலை அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு கதறுவான். ஒருமுறை இடதுகால் ஷூவை வாஷிங் மெஷினுக்குள் ஒளித்து வைத்துவிட்டான். (அது துணியோடு ஓடியது. பிரபு அன்று செருப்போடு மீட்டிங் போனார்.) அப்பா அங்கே போய்ச் சேர்ந்து வீடியோவில் முகம் காட்டும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டான். டாக்டர், வயசுக்கோளாறு, சரியாகிவிடும் என்றார். இணையத்தில் தேடினேன். எனக்குத் தாயாகத் தகுதியில்லை என்பதற்கு அங்கே பதினேழு காரணம் இருந்தது.

கடைசியில் அவனே ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தான். பிறந்தநாள் அன்று மேல்போக்கி வர வேண்டும். அப்பா விண்வெளியில் மாட்டிக்கொண்டவராக அதில் படுக்க வேண்டும். அவன் மீட்க வேண்டும். மீட்டுவிட்டால் அப்புறம் திங்கட்கிழமை அழமாட்டான். பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாளே பிரபுவுக்கு விமானம். ஆகவே மேல்போக்கி மட்டும் சரியாக அமைந்துவிட்டால் எங்கள் வீட்டுக்கு விமோசனம்.

தொழில்நுட்ப விவரங்களைக் கேட்டுக்கொண்டேன். ஓர் ஆள் கால்நீட்டிப் படுக்கிற நீளம். மேலே கண்ணாடி மூடி. உள்ளே ஃப்ரிட்ஜ் மாதிரி சில்லென்று இருக்க வேண்டும். மோட்டார் 'ஙொய்ய்' என்று சத்தம் போட வேண்டும். கீழே சின்னச் சக்கரங்கள். போதாதற்கு நான்கு பேர் பிடித்துத் தூக்கக் கைப்பிடி. எதற்குடா உள்ளே குளிர் என்று கேட்டேன். என் வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்த வெளிப் பேராசிரியர் என்னைப் பார்த்த அதே பார்வையை அவனும் பார்த்தான்.

"உள்ள இருக்கறவங்க கெட்டுப்போகாம இருக்கணும்ல?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. நெடுந்தூர விண்வெளிப் பயணத்தில் மனிதர்களை உறைநிலைத் தூக்கத்தில் வைப்பது பற்றி விஞ்ஞானிகளே இன்னும் யோசித்துக்கொண்டிருக்க, என் பிள்ளை பால் குடித்துக்கொண்டே சொல்லிவிட்டான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உடனே போட்டேன். 'நம்ம வீட்டு விஞ்ஞானி' என்று தலைப்பு வேறு.

தி.நகரில் பிறந்தநாள் அலங்காரம் செய்கிற கடைகளில் விசாரித்தேன். எல்லோரும் பலூன் வளைவு காட்டினார்கள். ஒருவர் அட்டை ராக்கெட் தருகிறேன் என்றார். அதில் பிரபுவின் ஒரு கால்தான் நுழையும். சோர்ந்துபோய், நாற்காலியாவது ஏற்பாடு செய்வோம் என்று வாட்ச்மேனிடம் ஷாமியானா கடை எண்ணை வாங்கினேன். அடையாறு பக்கம், ஏழுமலை என்பவர் நடத்துவது.

சென்னையில் ஷாமியானா கடை என்றால் காதுகுத்துக்கும் அவர்கள்தான், சாவுக்கும் அவர்கள்தான். அதே நாற்காலி, அதே பந்தல். ஆனால் போனில் கூப்பிடுகிறவர்கள் யாரும் 'சாவு' என்ற வார்த்தையைச் சொல்வதில்லை. கடைக்காரரும் சொல்லவைப்பதில்லை. மென்று முழுங்குகிற குரலை வைத்தே அவருக்குப் புரிந்துவிடும். அந்த நாகரிகம்தான் என்னைக் கவிழ்த்தது.

நாற்காலியும் பந்தலும் சொல்லிவிட்டு, சிரிப்பாரோ என்ற தயக்கத்தில் மென்று முழுங்கினேன். "அண்ணே, அப்புறம் இந்த... மேலே போறதுக்கு ஒரு பெட்டி மாதிரி... எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

அவர் குரல் இறங்கியது. "சொல்ல வேணாம்மா. புரிஞ்சுது. நம்மகிட்ட கீது."

கண்ணாடி மூடி என்றேன், கீது என்றார். உள்ளே சில்லென்று என்றேன், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் என்றார். கைப்பிடி என்றேன், தூக்குவதற்கு ஆளையும் தானே அனுப்புவதாகச் சொன்னார். எத்தனை கடை ஏறி இறங்கியவள் நான். சந்தோஷத்தில் குரல் தழுதழுத்துவிட்டது. அதை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"யாருக்கும்மா?"

"எங்க வீட்டுக்காரருக்குத்தான்."

"இன்னா வயசு?"

"முப்பத்தாறு."

"சின்ன வயசும்மா."

"அவருக்கும் அப்படித்தான் ஒரு நெனப்பு" என்று சொல்லிச் சிரித்தேன். (அந்தச் சிரிப்பைக் கேட்டு மனிதர் நடுங்கிப்போய், பக்கத்தில் பெரியவங்க யாராவது இருக்காங்களா என்று விசாரித்தார்.)

ஞாயிறு மாலைதான் வேண்டும் என்றேன். ஏன் அத்தனை நாள் என்றார். பெங்களூரில் இருக்கிறார், சனிக்கிழமை விமானத்தில் வருகிறார் என்று விளக்கினேன். ஏர்போர்ட்டுக்கு வண்டி அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அவரே டாக்ஸி பிடித்து வந்துவிடுவார் என்றேன். அதிர்ச்சியில் இந்தப் பெண்ணுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அந்த இடத்தில்தான் முடிவு செய்ததாக ஏழுமலை பிற்பாடு சொன்னார். பையனுக்கும் மாமியாருக்கும் இன்னும் சொல்லவில்லை, நேரில் பார்க்கும்போது அவர்கள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது என்று நான் வேறு சொல்லிவைத்தேன்.

மேளம் வேண்டுமா என்றார். பிள்ளைகள் ஆடுகிற மாதிரி இருக்கட்டும் என்றேன். பேனர் அடிக்க வீட்டுக்காரர் புகைப்படம் அனுப்பச் சொன்னார். விண்வெளி வீரர் அவர்தானே என்று அனுப்பிவைத்தேன். மூலையில் ஒரு ராக்கெட்டும் போடுங்கள் என்றேன். சரி என்றவர், மிகவும் தயங்கிக் கேட்டார்.

"தோற்றம் இன்னா போடட்டும்மா?"

"தோற்றம் நல்லா கம்பீரமா இருந்தா போதும்ணே."

"மறைவு?"

"மறைவா வேணாம்ணே. தெருவுல போறவங்களுக்கெல்லாம் தெரியற மாதிரி வைங்க."

இரண்டு வார்த்தை. சென்னைச் சுவர்களில் தினமும் பார்க்கிற வார்த்தைகள். ஒரு முகத்துக்குக் கீழே, இந்தப் பக்கம் ஒரு தேதி, அந்தப் பக்கம் ஒரு தேதி. தமிழில் தொண்ணூறுக்கு மேல் மதிப்பெண் வாங்கியவள் நான்.

முன்பணம் எவ்வளவு என்று கேட்டதற்கு, இந்த நேரத்தில் அதெல்லாம் பேசக்கூடாது என்றார். வைக்கும் முன், "நீ வேளாவேளைக்கு சாப்டும்மா" என்றார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு கடைக்காரரா என்று பிரபுவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.

ஞாயிறு மாலை பிரபுவைச் சமையலறை அலுமினியத் தாளில் சுற்றினேன். விண்வெளி வீரர் மாதிரியும் இருந்தார், பொட்டலம் கட்டிய சப்பாத்தி மாதிரியும் இருந்தார். நிலவனின் பள்ளித் தோழர்கள் அம்மாக்களோடு வந்துவிட்டார்கள். தெருவில் மேளம் கேட்டது. போனில் வீடியோவை ஓடவிட்டபடியே கீழே ஓடினேன். அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது. "வந்தாச்சு, வந்தாச்சு" என்று என் குரல் குதூகலிக்கும். பிறகு குரல் நின்றுவிடும். பிறகு என் கால்விரல்கள் மட்டும் தெரியும்.

வெள்ளை வேன். அதிலிருந்து இறங்கிய கண்ணாடிப் பெட்டி. ரோஜா மாலையோடு வெறுங்காலில் நிற்கும் ஏழுமலை. கேட் ஓரத்தில், தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிகிற மாதிரி, பிரபு. அலுவலக அடையாள அட்டைக்கு எடுத்த அந்த அசட்டுச் சிரிப்போடு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிய, மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. தோற்றம் என்று போட்டு இடம் விட்டிருந்தது. மறைவு என்று போட்டு இடம் விட்டிருந்தது. மூலையில் ஒரு ராக்கெட். சார் ராக்கெட் கம்பெனியில் வேலையாக இருந்திருப்பார் என்று ஏழுமலை நினைத்தாராம்.

எதிர்வீட்டு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, காலையில்கூடப் பால் பாக்கெட்டோடு போனாரே என்று மூக்கை உறிஞ்சினார். அயர்ன்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எழுந்து நின்றார். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்வது என்று சரிபார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், ஆதம்பாக்கத்திலிருந்து வந்த ஆட்டோ தெருமுனையில் திரும்பியது.

என் மாமியார் பேனரைப் பார்த்தார். கையிலிருந்த பாதுஷா டப்பா தெருவில் விழுந்தது, அவரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "எம்புள்ள" என்று அவர் எழுப்பிய குரலை என்னால் இன்றைக்கும் வேடிக்கையாக எழுத முடியவில்லை. அந்த ஓரிடத்தில் மட்டும் நான் சிரிப்பதில்லை.

நல்லவேளை, அது நீளவில்லை. மேளச் சத்தம்தான் தன்னை அழைக்கிறது என்று நினைத்த பிரபு, தாள் சரசரக்கக் கைகளை விரித்துக்கொண்டு படியிறங்கி வந்து ஏழுமலையின் முன்னால் நின்றார்.

"நான்தாண்ணே. எங்க படுக்கணும்?"

மேளக்காரர் ஒருவர் குச்சியைப் போட்டுவிட்டு வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். ஏழுமலை பேனரைப் பார்த்தார், பிரபுவைப் பார்த்தார், மறுபடி பேனரைப் பார்த்தார். அத்தை எழுந்து வந்து மகனை ஓங்கி ஓர் அடி அடித்தார். பிறகு இன்னொன்று. முதல் அடி உயிர் இருக்கிறதா என்று பார்க்க. இரண்டாவது, இருந்துகொண்டு இப்படிச் செய்ததற்கு.

"ஏம்மா, நல்லதா கெட்டதான்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றார் ஏழுமலை என்னிடம்.

"நீங்க ஒரு வார்த்த கேக்கக் கூடாதாண்ணே?"

"எப்டிம்மா கேப்பேன், நீ அழுதுகினு பேசற."

இதற்குள் நிலவன் தோழர்களோடு கீழே வந்துவிட்டான். எல்லாம் போனாலும் இவனாவது சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். கைப்பிடியைத் தொட்டான், குனிந்து சக்கரம் பார்த்தான், கண்ணாடியில் கன்னத்தை வைத்துக் குளிர் பார்த்தான். அவன் சொன்ன விவரத்தில் ஒன்றுகூடக் குறையவில்லை. பிறகு பெட்டிக்கும் அப்பாவுக்கும் நடுவில் போய்க் கையை விரித்து நின்றான்.

"அப்பா, இதுல படுக்காத."

"ஏன்டா, நீ கேட்ட மேல்போக்கிதானே?"

"இல்ல. இது நாராயணன் தாத்தாவோட வண்டி. இது மேல மட்டும்தான் போவும். நான் கேட்டது திருப்பிக் கூட்டிட்டு வர்றது."

நாராயணன் தாத்தா எங்கள் கட்டடத்தில் தரைத்தளத்தில் இருந்தவர். இவனைப் பார்க்கும்போதெல்லாம் பிஸ்கட் கொடுப்பார். அந்தக் கோடையில் இறந்துபோனார். கண்ணாடிப் பெட்டி வந்ததையும், நான்கு பேர் தூக்கியதையும் பால்கனிக் கம்பி வழியாக இவன் பார்த்திருக்கிறான். தாத்தா எங்கே என்று கேட்டதற்கு, குழந்தை மனசு புண்படக் கூடாதே என்று ஆயிரம் யோசித்து, "மேலே போயிட்டார்" என்று சொன்னவள் நான். எப்போ வருவார் என்றதற்கு, பார்க்கலாம் என்றேன். அதே நான்தான் திங்கட்கிழமைதோறும் மொட்டைமாடியில் இவனைத் தூக்கிக் காட்டி, "அதோ பாரு, அப்பா மேலே போறார்" என்றேன்.

இவன் கூட்டிப் பார்த்திருக்கிறான். மேலே போன தாத்தா வரவில்லை. அப்பாவும் வாராவாரம் மேலே போகிறார். இதுவரை திரும்பி வந்தது அதிர்ஷ்டம். ஒரு நாள் மாட்டிக்கொள்வார். உறைநிலைத் தூக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. விஞ்ஞானி என்று நான் பீற்றிக்கொண்ட பிள்ளை, அத்தனை மாதமும் அப்பாவைக் கொண்டுவர வழி தேடிக்கொண்டிருந்திருக்கிறான்.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. பள்ளி அம்மாக்கள் வேறு. தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று வழக்கம்போல என் மண்டைக்குள் ஏழெட்டு வாக்கியங்கள் வரிசையில் நின்றன. அத்தனையையும் தள்ளிவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தேன்.

"தாத்தா செத்துட்டாருடா."

"செத்துட்டாருன்னா?"

"இனிமே வரமாட்டார். எந்த வண்டி போனாலும் கூட்டிட்டு வர முடியாது. அவர் மேலேயும் போகலை. அம்மாதான் தப்பாச் சொல்லிட்டேன். அப்பா போறது ஃப்ளைட். அது வேற."

யோசித்தான். "ஃப்ளைட்டுக்கு இறங்கறதுக்கு சக்கரம் இருக்கா?"

"இருக்கு."

"இதுக்கும்தான் சக்கரம் இருக்கு."

எனக்கு எம்.எஸ்ஸி. கை கொடுக்கவில்லை. பிரபு பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். அலுமினியத் தாள் முழங்காலில் கிழிந்தது. இது தரையில் தள்ளிக்கொண்டு போவதற்கான சக்கரம், ஃப்ளைட்டுக்கு இருப்பது பெரிசு, வயிற்றுக்குள் மடங்கிக்கொள்ளும், இறங்கும்போது தானாக வெளியே வரும் என்று கையாலேயே செய்து காட்டினார். வராவிட்டால் என்று கேட்டான். வந்துவிட்டதா என்று பைலட் பார்த்துக்கொண்டே இருப்பார் என்றார். ஒன்றுக்கு மூன்று தடவை, அம்மா மாதிரி.

நிலவன் தலையாட்டினான். பிறகு அழுதான். முதல்முறையாக அப்பாவுக்காக இல்லை, நாராயணன் தாத்தாவுக்காக. அழுது முடித்துவிட்டு, கேக் எங்கே என்றான்.

இரண்டு அம்மாக்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சப் பேர் இருந்தார்கள். அத்தை, பேனரைத் திருப்பிப் போடச் சொல்லி அதன் வெள்ளைப் பக்கத்துக்கு முன்னால் கேக்கை வைத்தார். வந்ததற்குச் சும்மா போகமாட்டோம் என்று மேளக்காரர்கள் அடித்த அடியில் பிள்ளைகள் ஆடித் தீர்த்தார்கள். ஐஸ்கிரீம் உருகுகிறதே, பெட்டிதான் சும்மா இருக்கிறதே என்று பிரபு ஆரம்பித்தார். அத்தை பார்த்த பார்வையில் அந்த வாக்கியம் அங்கேயே உறைந்துவிட்டது. ஏழுமலை கேக் சாப்பிட்டுவிட்டு, பிரபுவுக்கென்று கொண்டுவந்த ரோஜா மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் போகும்போது வேனின் முன்கண்ணாடிக்குப் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் காலை நிலவன் அழாமல் இருந்தான் என்று சொல்லத்தான் ஆசை. கொஞ்சம் அழுதான். ஆனால் ஷூவை அவனே எடுத்துக் கொடுத்தான், இரண்டு காலுக்கும்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நாகரிகம் அழிந்துவிட்டது. யார் இறந்தாலும் செத்துட்டார் என்றே சொல்கிறோம். போன வருஷம் மயிலாப்பூரில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தோம். அந்த வீட்டு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா போயிட்டாரேம்மா" என்றார். நான் தடுப்பதற்குள் நிலவன் முந்திக்கொண்டான். "செத்துட்டாரா, ஃப்ளைட்டா?" மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

பிரபு இன்றைக்கும் திங்கட்கிழமைகளில் போகிறார். சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டதும் குடும்பக் குழுவில் ஒரே ஒரு வார்த்தை அனுப்புவார்.

'ஃப்ளைட்தான்.'